ஏதேனில் எலி பிடிக்கும் பூனை

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘இன்பத் தோட்டம்’ ஓவியத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் வரைந்தது. மாணவனாக இருந்தபோது நூலகப் புத்தகம் ஒன்றில் அதைப் பார்த்தேன் என்றும், நடுப்பக்கத்தை யாரோ பிளேடால் அறுத்துப் போயிருந்தார்கள் என்றும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இரண்டு வரியோடு நிறுத்தியது தப்பு என்று கடிதங்கள் சொல்கின்றன. சரி, எந்தப் பிரஷ் நல்லது, வார்னிஷ் ஏன் மஞ்சளாகிறது என்ற கேள்விகளெல்லாம் அடுத்த மாதம். இந்த முறை முழுக்க ஒரே படம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக, அதில் என்னதான் இருக்கிறது என்று சொல்லுங்கள் சார்.
– வாசகி, கும்பகோணம்

கதவு வைத்த அலமாரி மாதிரியான படம் அம்மா. ஓக் மரப் பலகையில் தைல வண்ணம். நடுவில் ஒரு பெரிய பலகை, இரண்டு பக்கமும் அதில் பாதி அகலத்துக்கு ஒவ்வொரு கதவு. திறந்து வைத்தால் சட்டத்தோடு சேர்த்து உயரம் இரண்டு மீட்டர், அகலம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1490-க்கும் 1500-க்கும் இடையில் வரைந்தது என்பது பிராடோவின் கணக்கு.

இடது கதவில் ஏதேன் தோட்டம். ஆதாம் தரையில் உட்கார்ந்திருக்கிறான்; கடவுள் ஏவாளின் மணிக்கட்டைப் பிடித்து அவனிடம் ஒப்படைக்கிறார். நடுப்பலகையில் எண்ணி மாளாத நிர்வாண மனிதர்கள், ஆளைவிடப் பெரிய ஸ்ட்ராபெரிப் பழங்கள், மீன்கொத்திகள். வலது கதவில் நரகம்: எரியும் ஊர், கத்தி செருகிய இரண்டு காதுகள், உடைந்த முட்டை ஓடு போன்ற உடம்போடு ஒரு மர மனிதன்.

கதவை மூடினால் எல்லாம் சாம்பல் நிறம். கண்ணாடிக் கோளத்துக்குள் உலகம், படைப்பின் மூன்றாம் நாள். மேல் மூலையில் சின்னதாகக் கடவுள். விளிம்பில் லத்தீனில், வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வரி. தமிழ் வேதாகமத்தில் அது ‘அவர் சொல்ல ஆகும், அவர் கட்டளையிட நிற்கும்’. மூன்றாம் நாளில் செடி கொடி முளைத்துவிட்டது, சூரியன் இன்னும் வரவில்லை. வெயில் இல்லாத உலகத்துக்கு நிறம் ஏது என்று போஷ் நினைத்திருக்கலாம் என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும்.

நடுப்பக்கம் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்?
– வாசகர், திருச்சி

இருந்ததைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

1970-களின் கடைசி. மத்தியானம் வகுப்பு இல்லாத நாட்களில் அந்த நூலகத்தில்தான் இருப்பேன், மின்விசிறிக்காகவும்தான். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம், இரவல் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மடித்து வைத்த மூன்று பக்க வண்ணப் படத்தில் நடு மடிப்பு மட்டும் இல்லை. சுத்தமான வேலை. ஸ்கேல் வைத்து அறுத்திருக்கிறான், பிசிறே இல்லை. நிர்வாணப் படம் என்று எடுத்துப் போனானா, அழகு என்று எடுத்துப் போனானா, தெரியாது. நூலகரிடம் சொன்னேன். அவர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார். அதற்கு அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆக முப்பது வருஷத்துக்கும் மேல் இந்தப் படம் என்றால் எனக்கு ஒரு சொர்க்கம், ஒரு நரகம், நடுவில் ஒரு வெட்டு. நரகத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்தால் அலுத்துவிடும். எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். சொர்க்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நோட்டில் பென்சிலால் அதன் மிருகங்களை ஒவ்வொன்றாக வரைந்து பழகினேன். அறுத்தவன் புண்ணியத்தில் இடது கதவு எனக்கு மனப்பாடம்.

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஏதேன் பகுதியை மட்டும் அச்செடுத்துப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், “டீச்சர், பூனை வாயில எலி இருக்கு. இன்னும் பழமே சாப்பிடலையே, அதுக்குள்ள எலி எப்படிச் செத்துச்சு?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.
– வாசகி, நாசரேத்

அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுங்கள் டீச்சர். பெரிய பெரிய ஆய்வாளர்கள் சுற்றி வந்து கேட்ட கேள்வியை நேராகக் கேட்டுவிட்டான். ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட பழத்தைத் தின்ற பிறகுதான் உலகத்துக்குச் சாவு வந்தது என்பதல்லவா பாடம்!

இடது கீழ் மூலையோரம் அந்தப் பூனை இருக்கிறது. முழு ஓவியத்துக்கு முன்னால் நின்றால் கண்ணில் படாது, அவ்வளவு சின்னது. எலியைக் கவ்விக்கொண்டு அது பாட்டுக்குப் போகிறது. நம் வீட்டு அடுக்களையில் பிடித்ததை வாயில் வைத்துக்கொண்டு, யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நழுவுமே, அதே தோரணை. இரண்டு முழம் தள்ளிக் கடவுள் உலகத்தின் முதல் கல்யாணத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். பூனைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பக்கத்துக் குட்டையில் ஒரு பறவை தவளையை விழுங்குகிறது. வலதுபுறம் கொஞ்சம் மேலே சிங்கம் தன் இரையோடு இருக்கிறது. ஆக எலி மட்டும் இல்லை, செத்தவை இன்னும் உண்டு என்று அவனிடம் சொல்லுங்கள்.

பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பசும்பூண்டுகளைத்தான் கடவுள் ஆகாரமாகக் கொடுக்கிறார். அந்தக் கணக்கில் பூனை புல் தின்ன வேண்டும். ஆனால் போஷுக்கு இருநூறு வருஷம் முன்பே தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியல் அறிஞர் இதை எடுத்துப் பேசிவிட்டார்: மனிதன் பாவம் செய்ததால் மிருகங்களின் சுபாவம் மாறிவிடவில்லை, இன்றைக்கு மாமிசம் தின்னும் சிங்கமும் வல்லூறும் அன்றைக்குப் புல் தின்றிருக்கும் என்பது பொருந்தாது என்று. அப்படியானால் பூனை தப்பு ஒன்றும் செய்யவில்லை. வகுப்பில் இந்த அளவு சொன்னால் போதும்.

எனக்குப் போதவில்லை. காரணம் இன்னொரு பூனை. 1504-இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் செதுக்கிய ‘ஆதாமும் ஏவாளும்’ செப்புத்தகட்டுப் படத்திலும் ஒரு பூனையும் ஒரு எலியும் உண்டு. அங்கே பூனை சுருண்டு படுத்திருக்கிறது. எலி ஆதாமின் காலடியில், பூனையின் மூக்குக்கு எதிரே, பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏவாளின் கையில் பழம் வந்துவிட்டது. அவள் கடிக்க வேண்டியதுதான், பூனை பாய்ந்துவிடும். சினிமாவில் பாம் வெடிப்பதற்கு முன் கடிகாரத்தைக் காட்டுவது போல. பிரமாதமான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பாவம் என்பது ஒரு நொடியில் நடக்கிற காரியம், அதற்கு முன்னால் எல்லாம் சுத்தம், அப்புறம் எல்லாம் அழுக்கு என்பது டியூரரின் கணக்கு.

போஷின் தோட்டத்தில் அந்த நொடியே இல்லை. பாம்பு இருக்கிறது, வலதுபுறம் நடுவில், பனை மாதிரியான ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. பழம் பறிக்கும் காட்சி இல்லை, வாளோடு தேவதூதன் விரட்டும் காட்சி இல்லை. எல்லா ஓவியர்களும் வரைந்த கட்டத்தை இவர் வரையவே இல்லை. மாறாக, ஏவாள் கண் திறந்து நிற்பதற்கு முன்பே பூனை தன் வேலையை முடித்துவிட்டது. தோட்டத்து நடுவில் குளம், குளத்தில் இளஞ்சிவப்பு நீரூற்று, நீரூற்றின் அடியில் வட்டமான ஒரு பொந்து, பொந்துக்குள் ஆந்தை. அந்தக் காலத்து வேடர்கள் மற்றப் பறவைகளை இழுக்க ஆந்தையைத்தான் கட்டிவைப்பார்கள். அது சொர்க்கத்தின் மையத்திலேயே குடியிருக்கிறது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: கெடுதல் வெளியிலிருந்து வந்து நுழைந்தது என்று போஷ் நம்பவில்லை. இப்படிச் சொன்னதற்காக இரண்டு பாதிரியார் நண்பர்கள் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் அக்வினாஸை எடுத்துக் காட்டி என்னை மடக்கினார். மேலே நான் எழுதியிருக்கும் மேற்கோள் அவர் கொடுத்ததுதான்.

ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் இருக்கிறதே, நெதர்லாந்துக்காரர் எங்கே பார்த்தார்?
– வாசகர், ஈரோடு

பார்த்திருக்க வழியில்லை தம்பி. அங்கோனா ஊர்க்காரரான சிரியாக் என்ற இத்தாலியப் பயணி எகிப்துக்குப் போய் எழுதிய குறிப்பில் ஒட்டகச்சிவிங்கியின் படம் இருந்தது. அதன் பிரதி ஒன்றிலிருந்து போஷின் வெள்ளை ஒட்டகச்சிவிங்கி வந்தது என்பது பொதுவான கருத்து. யானையும் வெள்ளைதான், முதுகில் ஒரு குரங்கு. ஆதாமுக்குப் பின்னால் நிற்கும் வினோத மரம் கற்பனை இல்லை. கேனரி தீவுகளில் வளரும் டிராகன் மரம், கீறினால் சிவப்புப் பிசின் வடியும். மார்ட்டின் ஷோன்காவர் என்ற ஜெர்மானியரின் செதுக்குப் படத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, அங்கிருந்து எடுத்திருப்பார். எகிப்திலிருந்து ஒன்று, அட்லாண்டிக் தீவிலிருந்து ஒன்று என்று தூரத்துச் சரக்கையெல்லாம் சேர்த்து ஏதேன் கட்டியிருக்கிறார். இரண்டு காலில் நிற்கும் நாய், மூன்று தலைப் பறவை, குட்டையில் மிதந்தபடி புத்தகம் படிக்கும் ஒரு ஜந்து, இவை மட்டும் சொந்தச் சரக்கு.

இவர் மனநோயாளியா, கஞ்சா கிஞ்சா ஏதாவது…?
– வாசகர், சென்னை

இல்லை. பரம்பரை ஓவியர், அப்பா, தாத்தா எல்லாம் அதே தொழில். ஸெர்டோகன்போஸ் ஊரில் சந்தை மைதானத்தில் வீடு, வசதியான இடத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். ஊர்ப் பெரியவர்கள் இருந்த அன்னை மரியாள் சபையில் உறுப்பினர். 1516-இல் இறந்தபோது அந்தச் சபைதான் அவருக்குப் பூசை வைத்தது. ஒழுங்காகக் கணக்கு வழக்கு வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். எனக்குத் தெரிந்த கிறுக்கு ஓவியர்கள் எல்லாம் பூவாளியும் சூரியகாந்தியும்தான் வரைகிறார்கள்.

படத்தை வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சம் ஆட்டம் போட்டவர்கள். 1517-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நாசாவ் பிரபுவின் மாளிகையில் இந்தப் படத்தைப் பார்த்ததாக அந்தோனியோ தே பெயாத்திஸ் என்ற இத்தாலியர் எழுதி வைத்திருக்கிறார். அதே மாளிகையில் ராட்சசக் கட்டில் ஒன்றும் இருந்தது. விருந்தாளிகள் குடித்துவிட்டு நிற்க முடியாமல் போனால் பிரபு அவர்களை அதில் தூக்கிப் போடச் சொல்வாராம். 1520-இல் அங்கே போன டியூரர், ஐம்பது பேர் படுக்கலாம் என்று நாட்குறிப்பில் எழுதினார். கட்டிலைப் பற்றி எழுதியவர் போஷின் படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பூனையைப் பார்த்து மனம் நொந்துவிட்டாரோ என்னவோ.

கோயிலுக்கு வைக்கிற மாதிரிக் கதவு போட்ட படம் இப்படிப்பட்ட மாளிகையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். விருந்து நடக்கும் இடத்தில் மூடி வைத்திருந்து, நல்ல நேரம் பார்த்துக் கதவைத் திறந்தால் எப்படி இருந்திருக்கும்!

தைல வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் யான் வான் எய்க்தானே? போஷ் அவர் வழியா?
– ஓவிய மாணவி, புதுச்சேரி

வசாரி என்ற இத்தாலியர் கிளப்பிவிட்ட கதை அது. எண்ணெயில் வண்ணம் குழைப்பதைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பு உண்டு. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில் 7-ஆம் நூற்றாண்டுத் தைல வண்ணம் இருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போஷுக்கு முந்தைய தலைமுறை ஓவியரான வான் எய்க் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை யாருக்கும் கைவராத ஆழத்துக்குக் கொண்டுபோனார்.

சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. பத்தாவது படிக்கும்போது, காசில்லாமல், கலர்ப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு முருகன் படம் போட்டேன். மாசக் கணக்கில் காயவே இல்லை. மயிலில் எறும்பும் தலைமுடியும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் அம்மா அடுப்பில் போட்டார். ஆளிவிதை எண்ணெய் அப்படி இல்லை. காற்றிலிருக்கும் பிராணவாயுவை இழுத்துக்கொண்டு தோல் மாதிரி இறுகும். தண்ணீர் காய்வது போல வற்றிப் போவது இல்லை. அதனால்தான் ஐநூறு வருஷம் கழித்தும் நிறம் பலகையில் உட்கார்ந்திருக்கிறது.

வான் எய்க் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றுவார். போஷுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, வேண்டியும் இருக்கவில்லை. ஓக் பலகையில் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் கோடு, அதன் மேல் மிக மெல்லிதாக வண்ணம். மேலே வெள்ளையில் சுறுக்கென்று நாலு கீற்று. பறவையின் கண், பழத்தின் மினுமினுப்பு, நீரூற்றின் முனை எல்லாம் அந்தக் கீற்றுதான். அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்துப் பார்த்ததில் அடிக்கோடுகள் தெரிகின்றன. பல இடங்களில் ஒன்றை வரைந்துவிட்டு வேறொன்றைப் பூசியிருக்கிறார். நீயும் அழிரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்து வைத்துவிட்டுக் கோட்டின் மேலேயே மாற்றிப் பழகு அம்மா.

கடைசியில் நடுப்பலகையைப் பார்த்தீர்களா? அது சொர்க்கமா, பாவமா?
– வாசகர், மதுரை

2011-இல் பார்த்தேன். மகள் மாட்ரிட்டில் வேலைக்குப் போயிருந்தாள். முதல் எண்ணம்: திருவிழாக் கூட்டம். இத்தனை பேரா!

ஆய்வாளர்கள் மூன்று கட்சி. பழைய கட்சி, இது காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்கிறது. வில்ஹெல்ம் ஃபிரெங்கர் 1947-இல், ஆதாமைப் போல் ஆடையில்லாமல் வழிபட்ட ரகசியக் குழு ஒன்றுக்காக வரைந்தது என்றார். ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கோம்ப்ரிச், நோவாவின் பிரளயத்துக்கு முந்தைய உலகம் என்றார். ஹான்ஸ் பெல்ட்டிங், பழத்தை யாரும் தின்னாமலிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதே படம் என்றார். இது நாலாகிவிட்டது, போகட்டும்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நின்று பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தை இல்லை, ஒரு கிழவர் இல்லை. யாரும் சமைக்கவில்லை. பழம் மட்டும் தானாக வாய்க்கு வருகிறது. வலது கீழ் மூலையில் ஒரு குகை வாயில், அங்கே ஒரே ஒருவன் மட்டும் ஆடையோடு எட்டிப் பார்க்கிறான். அவன் முகத்தில் கூச்சம் தெரிகிறதா, சந்தேகமா என்று வெகு நேரம் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே மகள் கூப்பிட்டுவிட்டாள், சாப்பிட நேரமாகிறது என்று.

சிறு கேள்வி ஒன்று எனக்குள்ளும் ஓடியது: இதற்காகவா அவன் பிளேடு எடுத்தான்? எனக்கு இடது கதவுதான் உசத்தி. பழக்கதோஷமாகவும் இருக்கலாம்.

பெல்ஜியத்திலிருந்து ஸ்பெயினுக்கு எப்படிப் போனது?
– வாசகர், சேலம்

பறிமுதல். ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த நாசாவ் வம்சத்து வில்லியமின் சொத்தை 1568-இல் ஆல்பா பிரபு பிடுங்கினார். பிறகு ஆல்பாவின் மகனிடம் இருந்தது; அந்த மகன் இறந்தபின் ஏலத்துக்கு வந்தபோது, 1591-இல் மன்னர் இரண்டாம் பிலிப் வாங்கினார். 1593-இல் எஸ்கோரியல் மடாலய அரண்மனைக்குப் போனது. அங்கே பதிவேட்டில் ‘உலகத்தின் பல்வகை, மத்ரோன்யோ என்று அழைப்பது’ என்று எழுதினார்கள். மத்ரோன்யோ என்பது ஸ்ட்ராபெரி போல் காய்க்கும் மரம். மாட்ரிட் நகரச் சின்னத்தில் கரடி சாய்ந்து நிற்கிறதே, அதே மரம். ‘இன்பத் தோட்டம்’ என்பது போஷ் வைத்த பெயரே இல்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிராடோவுக்கு வந்தது, 1939-லிருந்து அங்கேயே.

நரகத்தில் ஒருவனுடைய பின்புறத்தில் இசைக் குறிப்பு எழுதியிருக்கிறதாமே, வாசிக்க முடியுமா?
– வாசகர், கோவை

முடியும். 2014-இல் அமெரிக்க மாணவி ஒருவர் பியானோவில் வாசித்துக் காட்டினார். கேட்டேன். நரகம்தான்.

நேரில் போனால் எப்படிப் பார்க்க வேண்டும்?
– வாசகர், அமீரகம்

56ஏ எண் அறை. சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரம் பிராடோவில் இலவசம். அதனால் கூட்டமும் அப்போதுதான். போட்டோ எடுக்கக் கூடாது. நான் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்ததற்கே காவலர் பெண் விரலை ஆட்டினார், செல்போன் என்று நினைத்து. எல்லாரும் நரகத்துக்கு முன்னால் முண்டுவார்கள். நீங்கள் இடதுபக்கம் போங்கள், இடம் காலியாக இருக்கும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் கதவின் பின்பக்கச் சாம்பல் உலகமும் தெரியும். முட்டி பொறுக்குமானால் கொஞ்சம் குனியுங்கள். பூனை கீழே இருக்கிறது.

உங்கள் பத்தியைப் படித்து ஆடிப்போனேன் சார். 1983-இல் எங்கள் கல்லூரி நூலகத்திலும் இதே மாதிரி ஒரு புத்தகம் இருந்தது, அதிலும் நடுப்பக்கம் இல்லை. ஆனால் நான் அறுக்கவில்லை!
– வாசகர், நாகர்கோவில்

நம்புகிறேன். அதில் பூனை இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.